மூணாம் ரூமுக்கு எட்டாத சிக்னல்

ஜனவரி 9

பெட்டி மாட்டிட்டுப் போனவருக்கு,

உங்க பேரு எனக்குத் தெரியாது. பெட்டி முதுகுல ஒட்டியிருந்த சீட்டுல கடை விலாசம் இருந்தது. அதைப் பார்த்து எழுதறேன். நான் டி.பி. வார்டு, மூணாம் ரூம். போன வாரம் வந்து என் கட்டிலுக்குப் பக்கத்துல இருக்கிற மூணு மெஷினுக்கும் பின்னாடி தீப்பெட்டி கணக்கா ஒவ்வொரு பெட்டியைச் சொருகிட்டுப் போனீங்க. அரை மணி நேரம் ரூம்ல இருந்தீங்க. எப்படி இருக்கீங்கன்னு கேக்க வேணாம், கொஞ்சம் காலை நகர்த்துங்கன்னு கூடச் சொல்லல. நானா நகர்த்திக்கிட்டேன்.

நான் பஸ் கண்டக்டர். வாயைத் திறந்தாத்தான் எனக்குச் சோறு. மாத்திரைக்கு அடங்காத வகை டி.பி.ன்னு சொல்லி என்னை இந்த ரூம்ல தனியாப் போட்டிருக்காங்க. வெளிய விட மாசக்கணக்காகுமாம். இங்க எனக்குன்னு இருந்தது ஒரே ஒரு ஆள், சின்ன சிஸ்டர். வார்டுக்குத் தலைவியா பெரிய சிஸ்டர் ஒருத்தங்க இருக்கிறதால இவங்க சின்ன சிஸ்டர். ரெண்டு மணி நேரத்துக்கு ஒரு தரம் மாஸ்க், கவுன் எல்லாம் மாட்டிக்கிட்டு உள்ள வருவாங்க. மெஷின்ல இருக்கிற நம்பரைச் சீட்டுல எழுதுவாங்க. எழுதிக்கிட்டே மாமியார் கதை, மக படிக்கமாட்டேங்கிற கதை எல்லாம் சொல்லுவாங்க. எனக்கு இருமல் வரும்கிறதால நான் ரெண்டு வார்த்தை, அவங்க இருபது வார்த்தை. அதுவே எனக்குப் போதுமா இருந்தது.

இப்ப நம்பர் தானாவே வராந்தாக் கோடியில இருக்கிற கம்ப்யூட்டருக்குப் போயிடுதாம். ஆள் வரத் தேவையில்லையாம். சாப்பாடும் மாத்திரையும் கதவுல இருக்கிற சின்னத் திறப்பு வழியா வருது. டாக்டர் வாரத்துக்கு ஒரு தடவை கட்டில் காலடியில நின்னு பார்த்துட்டுப் போறார். மத்த நேரம் நானும் சுவரும் உங்க பெட்டியும்தான். பெட்டியில பச்சை லைட்டு மினுக்குது. அதுகிட்ட மாமியார் இருக்காளான்னா கேக்க முடியும்?

இதைக் கழட்ட யாருக்கு மனு எழுதணும்னு தெரிவிக்கவும். போன் பண்ணினா இருமல் பிடிச்சுக்கும். அதனாலதான் கடிதம்.

மூணாம் ரூம் கண்டக்டர்


ஜனவரி 16

மதிப்பிற்குரிய அம்மாவுக்கு,

தங்கள் கடிதம் கிடைத்தது. தங்கள் அறையில் உள்ள ரத்த அழுத்தக் கருவி, ஆக்சிஜன் கருவி, எடைக் கருவி மூன்றும் பழைய மாடல்கள். மூன்றிலும் பின்பக்கம் ஒன்பது ஊசி கொண்ட சீரியல் போர்ட் மட்டுமே உண்டு. அதில் செருகியிருப்பது வயர்லெஸ் அடாப்டர். கருவி காட்டும் எண்ணை அது காற்றில் அனுப்பும். கம்ப்யூட்டர் பக்கம் இருக்கும் அதன் ஜோடி வாங்கிக்கொள்ளும். கருவி, அடாப்டர், கம்ப்யூட்டர் எல்லாவற்றுக்கும் எண்ணை அனுப்பவும் வாங்கவும் ஒரே வேகம் அமைத்திருக்க வேண்டும். இல்லாவிட்டால் எண்ணுக்குப் பதிலாகக் கிறுக்கல் எழுத்துகள் வரும். தங்கள் அறையில் எல்லாம் சரியாக அமைத்திருக்கிறேன். சுவரில் துளை போட்டு வயர் இழுக்க அனுமதி கிடைக்காததால் இந்த ஏற்பாடு.

இதைக் கழற்ற எனக்கு அதிகாரம் இல்லை. பெட்டியைத் தொட வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன்.

காலை நகர்த்தியதற்கு நன்றி.

டெக்னீசியன்


ஜனவரி 21

டெக்னீசியன் தம்பிக்கு,

அம்மான்னு எழுதாதீங்க. பஸ்ல ஏறுற எழுபது வயசுக்காரரும் என்னை அக்கான்னுதான் கூப்பிடுவார். காலை நகர்த்தினதுக்கு நன்றின்னு எழுதியிருந்தீங்களே, அதைப் படிச்சுச் சிரிச்சேன். சிரிச்சதுல இருமல் வந்து, இருமினதுல கண்ணு கலங்கிடுச்சு. ஆனா சிரிச்சு ரொம்ப நாளாச்சு.

வீட்டுக்காரர் போய்ச் சேர்ந்து வருஷங்களாச்சு. ஒரே மக, ரொம்ப தூரத்துல இருக்கா. கைக்குழந்தைக்காரி. நீ இந்தப் பக்கமே வராதேன்னு நான்தான் சொன்னேன். போன்ல கூப்பிடுவா. நான் இருமுவேன், அவ அழுவா, வச்சிடுவோம்.

எங்க டிரைவர் ஒரு தடவை வந்து கீழ தோட்டத்துல நின்னு கையை ஆட்டிட்டுப் போனார். ஜன்னல் வழியாப் பார்த்தேன். இங்கேர்ந்து பார்த்தா ஆளு சுண்டுவிரல் அளவுதான்.

தம்பி, உங்க கடிதத்துல ஒரு விஷயம். பெட்டியைத் தொட வேண்டாம்னு எழுதியிருக்கீங்க. தொட்டா என்ன ஆகும்னு எழுதல.

கண்டக்டர் அக்கா


பிப்ரவரி 3

அக்காவுக்கு,

மருத்துவமனையிலிருந்து கடைக்குப் புகார் வந்திருக்கிறது. மற்ற அறைகளில் பிரச்சினை எதுவும் இல்லை. மூணாம் ரூமிலிருந்து மட்டும் சிக்னல் அடிக்கடி அறுந்துபோகிறதாம். நர்ஸ் உள்ளே போய்ப் பார்த்தால் எல்லாம் சரியாக இருக்கிறதாம். திரும்பி வந்து உட்கார்ந்தால் மறுபடியும் போய்விடுகிறதாம்.

முதலாளி என்னைக் கூப்பிட்டு விசாரித்தார். நான் மாட்டின அடாப்டர் இப்படி அறுந்து அறுந்து வந்ததாக இதுவரை ஒரு புகாரும் வந்தது இல்லை. கெட்டுப்போன அடாப்டர் ஒரேயடியாகச் செத்துவிடும். ஆள் வரும்போது பிழைத்துக்கொண்டு, ஆள் போனதும் சாகிற அடாப்டரை நான் பார்த்ததே இல்லை.

நீங்கள் ஏதாவது செய்கிறீர்களா? என்னிடம் மட்டும் சொன்னால் போதும்.

டெக்னீசியன்


பிப்ரவரி 7

தம்பி,

நான்தான்.

மூணு பெட்டிக்கும் கரண்டு குடுக்கிற குட்டி பிளக் இருக்குல்ல, அதை லேசா இழுத்துவிட்டுடுவேன். லைட்டு அணைஞ்சிடும். கொஞ்ச நேரத்துல சின்ன சிஸ்டர் கவுனை மாட்டிக்கிட்டு வேர்க்க விறுவிறுக்க வருவாங்க. கதவுப் பக்கம் சத்தம் கேட்டதும் பழையபடி அழுத்திடுவேன். "என்னக்கா இது, உங்க ரூம் பெட்டிக்கு மட்டும் பேய் பிடிச்சிருக்கு"ன்னு சொல்லிக்கிட்டே நம்பரை எழுதிக்குவாங்க. அப்படியே ரெண்டு நிமிஷம் நிப்பாங்க. ஒரு நாள் தலை சிக்கு விழுந்து கிடக்கறதைப் பார்த்து, அவங்களே சீப்பை எடுத்து வாரிவிட்டாங்க. கையில ரப்பர் உறை போட்டுத்தான் வாரினாங்க. இருந்தாலும் கை கைதானே.

டிக்கெட் எடுக்காம ஒளிஞ்சு வர்றவனைக் கண்ணைப் பார்த்தே பிடிச்சவ நான். இப்ப நானே பிடிபட்டேன். உங்க வேலைக்கு இதனால கேடு வரும்னு யோசிக்கல. அதுக்கு மட்டும் மன்னிப்புக் கேட்டுக்கறேன். மத்தபடி இனிமே செய்யமாட்டேன்னு என்னால எழுதித் தர முடியல.

அக்கா


பிப்ரவரி 12

அக்கா,

இந்தக் கடிதத்தை எழுதிக் கிழிச்சு, எழுதிக் கிழிச்சு, கடைசியில வாயில வர்ற மாதிரியே எழுதிடலாம்னு உக்கார்ந்திருக்கேன்.

நான் பெட்டி மாட்ட வந்த அன்னிக்குப் பெரிய சிஸ்டர் என்னை மருந்து ரூமுக்குக் கூப்பிட்டு ஒரு விஷயம் சொன்னாங்க. உங்க வார்டுல வேலை பார்த்த ஒரு நர்ஸுக்கு இதே நோய் ஒட்டிக்கிச்சு. சின்ன வயசு. கல்யாணம் நிச்சயமாகியிருந்ததாம், அதுவும் நின்னுபோச்சு. வேற ஆஸ்பத்திரியில, உங்களை மாதிரியே ஒரு ரூம்ல படுத்திருக்காங்க. மாஸ்க், கவுன் எல்லாம் போட்டுக்கிட்டுத்தான் போனாங்களாம். ஒரு நாள் இல்ல ஒரு நாள் எங்கயோ தப்பியிருக்கு. "உள்ள போற தடவையைக் குறைச்சுக் குடுப்பா, எனக்கு வேற ஒண்ணும் வேணாம்"னு பெரிய சிஸ்டர் சொன்னாங்க. அதுக்காகத்தான் இந்தப் பெட்டி.

பிளக்கை நீங்க இழுக்கிற ஒவ்வொரு தடவையும் சின்ன சிஸ்டர் உள்ள வர்றாங்க.

சொன்னா உங்க மனசு நோகும்னு தெரியும். சொல்லாம இருந்தா உங்களை ஏமாத்தின மாதிரி ஆகும். முதலாளிகிட்ட உங்களைப் பத்தி மூச்சு விடல, விடவும் மாட்டேன். பிளக்கை என்ன செய்யறதுன்னு நீங்களே முடிவு பண்ணிக்கோங்க.

டெக்னீசியன்


பிப்ரவரி 26

தம்பி,

கதவுத் திறப்பு வழியா மாத்திரை வாங்கும்போது சின்ன சிஸ்டர்கிட்ட அந்த நர்ஸைப் பத்திக் கேட்டேன். அந்தப் பொண்ணும் இவங்களும் நர்ஸுக்குப் படிச்சப்ப ஒரே ஹாஸ்டல் ரூமாம். மாமியார் கதை வரைக்கும் சொன்ன வாய் இதை மட்டும் சொல்லவே இல்ல. "ஏன் சொல்லல"ன்னு கேட்டேன். "உங்களாலதான் வந்ததோன்னு நினைச்சு நீங்க சோறு தின்னாமக் கிடப்பீங்கக்கா"ன்னு சொன்னாங்க.

என்னாலதானா இல்லையா, யாருக்குத் தெரியும்.

பிளக்கை உள்ள தள்ளி மேல பிளாஸ்திரி ஒட்டிட்டேன். இனி லைட்டு அணையாது. நேத்து போர்வை மாத்த சின்ன சிஸ்டர் உள்ள வந்தாங்க. நான் ஜன்னல் பக்கம் திரும்பி, அவங்க போற வரைக்கும் மூச்சை அடக்கிக்கிட்டிருந்தேன். "கோவமாக்கா"ன்னு கேட்டாங்க. இல்லன்னு சொல்ல வாயைத் திறந்தா காத்து வருமே.

வேற எழுத ஒண்ணும் தோணல.


மார்ச் 3

அக்கா,

உங்க கடிதம் வந்ததுலேர்ந்து வேலையே ஓடல.

வார்டோட வரைபடம் என்கிட்ட இருக்கு. அதை விரிச்சு வச்சுப் பார்த்தேன். நர்ஸுங்க மேசை வராந்தாக் கோடியில மாடிப்படிகிட்ட கிடக்கு. ஏன் அங்க இருக்குன்னா, போன் லைன் அங்க இருக்கு, அவ்வளவுதான். எங்க பெட்டிக்கு மேசை எங்க இருந்தாலும் ஒண்ணுதான். உங்க ரூம் கதவுல கண்ணாடி இருக்கு. அதுக்கு நேரெதிர்ல சுவரோரமா இடம் சும்மா கிடக்கு. அங்க ஒரு பிளக் பாயின்ட்டும் இருக்கு.

மூணாம் ரூம் சிக்னல் அறுந்துக்கிட்டே இருந்தது எல்லாருக்கும் தெரியும். அதுக்கு நான் ஒரு காரணம் எழுதிக் குடுத்தாகணும். தூரம் அதிகம், நடுவுல சுவர் கனம், மேசையைப் பக்கத்துல கொண்டு வந்தாத்தான் சிக்னல் நிக்கும்னு எழுதிட்டேன். முதல்லயே அளந்து பார்க்காதது என் தப்புன்னும் சேர்த்து எழுதினேன். தொழில்ல நான் எழுதின முதல் பொய் இதுதான். முதலாளி ஒரு பாட்டம் கத்தினார். "இத்தனை வருஷம் இதுல கிடந்து இதுகூடவா தெரியல உனக்கு"ன்னு கேட்டார். கத்தி ஓஞ்சதும் வண்டிச் சாவியைக் குடுத்தார்.

வியாழக்கிழமை வரேன். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் சத்தம் கேட்டா பயந்துடாதீங்க.

டெக்னீசியன்


மார்ச் 9

தம்பி,

முழு நாடகத்தையும் கண்ணாடி வழியாப் பார்த்தேன். வார்டு பையனும் நீங்களும் மேசையைத் தூக்கிக்கிட்டு வந்தீங்க. ஒரு முனை உங்க கால்ல விழுந்தது. நொண்டிக்கிட்டே கம்ப்யூட்டரைத் தூக்கிட்டு வந்தீங்க. எல்லாம் வச்சு முடிச்சுப் பார்த்தா, நாற்காலி கண்ணாடிக்கு முதுகைக் காட்டிக்கிட்டு நிக்குது. பெரிய சிஸ்டர் திருப்தியாத் தலையை ஆட்டிட்டாங்க. எனக்கு வந்த ஆத்திரத்துல கண்ணாடியைத் தட்டியிருப்பேன். அடப்பாவி, இத்தனை பாடுபட்டு முதுகைப் பார்க்கவா வச்சே நீன்னு நினைச்சேன்.

அப்பதான் நீங்க பையிலேர்ந்து ஒரு காகிதத்தை எடுத்து என்னமோ எழுதி அவங்ககிட்ட நீட்டினீங்க. படிச்சுட்டு அவங்க வராந்தா ஜன்னலைப் பார்த்தாங்க, கம்ப்யூட்டர் திரையைப் பார்த்தாங்க. அப்புறம் வார்டு பையனைக் கூப்பிட்டு மேசையைத் திருப்பிப் போடச் சொன்னாங்க. சின்ன சிஸ்டர்கிட்ட கேட்டுத் தெரிஞ்சுக்கிட்டேன். திரையில வெளிச்சம் விழுந்து நம்பர் தெரியாதுன்னு எழுதியிருந்தீங்களாம். பொய்யில ரெண்டாவது.

இப்ப சின்ன சிஸ்டர் நாள் முழுக்க என் எதிர்ல உக்கார்ந்திருக்காங்க. கண்ணாடியைத் தாண்டிப் பேச்சுக் கேக்காது. ஆனா அவங்க கொட்டாவி விடறதைப் பார்க்கலாம். போன்ல மாமியார்கிட்ட பேசும்போது புருவம் ஏறி இறங்கறதைப் பார்க்கலாம். நேத்து மகளோட நோட்டைக் கொண்டு வந்து கண்ணாடியில வச்சுக் காட்டினாங்க. கணக்குல ரெண்டு மார்க். நான் தலையில அடிச்சுக்கிட்டேன். அவங்களும் அடிச்சுக்கிட்டாங்க.

சாயங்காலமானா அவங்க வீட்டுக்குப் போயிடுவாங்க. அப்ப நாற்காலியைப் பார்த்துக்கிட்டுப் படுத்திருப்பேன்.

சளி டெஸ்ட் ஒரு தடவை சுத்தமா வந்திருக்கு. இன்னும் சில தடவை வரணுமாம். ஒண்ணு கேக்கறேன், தப்பா எடுத்துக்காதீங்க. பக்கத்துல நிக்கிறவங்ககிட்ட வாயால சொல்லாம ஏன் எழுதிக் காட்டினீங்க?

அக்கா


மார்ச் 16

அக்கா,

எனக்குத் திக்குவாய். பழகின ஆளுங்ககிட்ட ஓரளவுக்கு வரும். புதுசா ஒருத்தர் எதிர்ல நின்னா முதல் எழுத்திலேயே மாட்டிக்கும். மாஸ்க்கும் போட்டுட்டா என் வாய் படற பாடு எதிராளிக்குத் தெரியாது. நான் முறைச்சுக்கிட்டு நிக்கறேன்னு நினைச்சுக்குவாங்க. அன்னிக்கு உங்க ரூம்ல காலை நகர்த்துங்கன்னு சொல்லத்தான் பார்த்தேன். 'கா'வைத் தாண்டறதுக்குள்ள நீங்களே நகர்த்திட்டீங்க.

அதனாலதான் இந்த வேலை எனக்குப் பிடிச்சிருந்தது. போவேன், மாட்டுவேன், வேகத்தைச் சரி பண்ணுவேன், நம்பர் வருதான்னு பார்ப்பேன், கையெழுத்து வாங்கிக்கிட்டுக் கிளம்பிடுவேன். ஒரு எடத்துக்கு ரெண்டாவது தடவை போனா என் வேலை சரியில்லன்னு அர்த்தம். அதனால மாட்டினதுக்கு அப்புறம் அந்த ரூம்ல என்ன நடந்ததுன்னு எனக்குத் தெரியவே தெரியாது. அச்சாபீஸுக்கு மேல ஒரு ரூம்ல தங்கியிருக்கேன். கீழ மெஷின் ஓடற வரைக்கும் சத்தம் இருக்கும். அது நின்னதும் குழாய் சொட்டறது கேக்கும். அது எனக்குக் கஷ்டமா இருந்ததில்லன்னுதான் இத்தனை நாள் நினைச்சுக்கிட்டிருந்தேன்.

இப்பெல்லாம் கடைக்குள்ள நுழைஞ்சதும் தபால் தட்டைத்தான் பார்க்கறேன். முன்னெல்லாம் அந்தப் பக்கமே திரும்பமாட்டேன்.

கால் வீக்கம் வடிஞ்சிடுச்சு.

டெக்னீசியன்


ஏப்ரல் 24

தம்பி,

வீட்டுக்கு வந்துட்டேன். டெஸ்டெல்லாம் சுத்தமா வந்திருச்சு. இனி யாருக்கும் ஒட்டாதுன்னு டாக்டர் எழுதியே குடுத்துட்டார். மாத்திரை மட்டும் இன்னும் கொஞ்ச காலம் சாப்பிடணும். கிளம்பற அன்னிக்குச் சின்ன சிஸ்டர் என் கையைப் பிடிச்சுக்கிட்டு வாசல் வரைக்கும் கூட வந்தாங்க. உறை போடாத கை. வாயே ஓயாத ரெண்டு பேரு ஊமை மாதிரி படியிறங்கினோம்.

வந்த உடனே எழுதணும்னுதான் இருந்தேன். நல்லதா எழுத ஏதாவது கிடைக்கட்டும்னு தள்ளிப் போட்டேன்.

மக பத்து நாள் கழிச்சு வர்றேன்னு சொன்னா. அப்புறம் குழந்தைக்குச் சளி, அடுத்த மாசம் வர்றேன்னா. டிப்போவுல பஸ் ஏத்த மாட்டேங்கறாங்க. டிக்கெட் கட்டு வைக்கிற ரூம்ல உக்காரச் சொல்லிட்டாங்க. ஜன்னல் கூடக் கிடையாது. டிரைவர் வாசல்ல நின்னு ரெண்டு வார்த்தை பேசிட்டு, வண்டி எடுக்கணும்னு போயிடுவார்.

எங்க மாடியில நாலு குடித்தனம். முன்னெல்லாம் யார் வீட்டுக் கதவும் சாத்திக் கிடக்காது. இப்ப "உள்ள வாங்க, உக்காருங்க"ன்னு சொன்னா, "இருக்கட்டும்க்கா, அடுப்புல வச்சிட்டு வந்திருக்கேன்"னு சொல்றாங்க. காலையில கேட்டாலும் அடுப்பு, மத்தியானம் கேட்டாலும் அடுப்பு. இந்த மாடியில அடுப்பு அணையறதே இல்ல போல. யாரும் ஒரு கெட்ட வார்த்தை பேசல. திட்டினாலாவது திருப்பித் திட்டலாம்.

மூணாம் ரூம்ல கதவைப் பூட்டியிருந்தாங்க, அதனால யாரும் வரல. இங்க கதவு திறந்துதான் கிடக்கு.

அக்கா


ஏப்ரல் 29

அக்கா,

ஞாயிற்றுக்கிழமை காலையில வரேன். அந்தப் பக்கம் எனக்கு வேலை எதுவும் இல்ல. சும்மாத்தான் வரேன்.

நான் பேசி முடிக்க நேரமாகும். அதுக்குத் தகுந்த மாதிரி ஒழிவா இருங்க.

டெக்னீசியன்


மே 5

தம்பி,

நேத்து நீங்க பஸ் ஏறினப்புறம் நடந்தே வீட்டுக்கு வந்தேன். பத்திரமாப் போய்ச் சேர்ந்தீங்களான்னு கேக்கத்தான் எழுத உக்கார்ந்தேன். கடிதம் நீண்டுக்கிட்டே போகுது.

வாசல்ல வந்து நின்னு அக்கான்னு கூப்பிட நீங்க பட்ட பாட்டைப் பார்த்தேன். பஸ்ல யாராவது இறங்குற எடத்தைச் சொல்லத் தடுமாறினா நான் முந்திக்கிட்டுச் சொல்லிடற ஆளு. நேத்து வாயைக் கட்டிக்கிட்டு நின்னேன். நீங்க சொல்லி முடிக்கிற வரைக்கும் நின்னேன். எடுத்துக் குடுக்கலங்கிறதைக் கவனிச்சீங்களா தெரியல.

உள்ள வாங்கன்னு சொன்னேன். வரல. வாசப்படியிலேயே நின்னுக்கிட்டு, "தண்ணி வேணும்"னு கேட்டீங்க. வெயில்ல வந்த பிள்ளை, தாகம்னு நினைச்சு ஓடிப்போய் மொண்டுக்கிட்டு வந்தேன். அங்கேயே நின்னு, என் தம்ளர்ல வாயை வச்சு, கடைசிச் சொட்டு வரைக்கும் குடிச்சீங்க. இன்னொரு தடவை கேட்டீங்க. அதையும் குடிச்சீங்க. எதிர் வீட்டுக்காரி துணி உலர்த்தறவ, கையில ஈரத் துணியோட அப்படியே நின்னு பார்த்துக்கிட்டிருந்தா. அதுக்கப்புறம்தான் செருப்பைக் கழட்டி உள்ள வந்தீங்க. தாகத்துக்குக் குடிச்சீங்களா, அவ பார்க்கணும்னு குடிச்சீங்களா? நான் கேக்கல. நீங்களும் சொல்ல வேணாம்.

அந்த எதிர் வீட்டுக்காரி இன்னும் என் வீட்டுக்குள்ள வரல. உங்களால எல்லாம் மாறிடுச்சுன்னு எழுதினா அது பொய். இன்னிக்குக் காலையிலயும் அடுப்புதான். நீங்க போனப்புறம் வீடு முன்னைவிடக் காலியாத் தெரிஞ்சது. அதையும் மறைக்காமச் சொல்லிடறேன்.

ஒரு தட்டு, ஒரு தம்ளர், கழுவிக் கவுத்தினா முடிஞ்சதுன்னு இருக்கிற வீடு இது. நேத்து நாம ரெண்டு பேரும் சாப்பிட்ட பாத்திரம் எல்லாம் ரெண்டு ரெண்டாக் கிடக்கு. ராத்திரி கழுவ மனசு வரல. இப்பதான் எழுந்திரிச்சுப் போறேன்.

அக்கா